கொழுப்பு ஏடு

நீல்டா செருப்பைக் கழற்றி அடித்ததில் தம்பியின் கீழுதடு கிழிந்துவிட்டது. இன்னும் ஓங்கினாள். வில்பெர் முகத்தை மறைத்துக்கொள்ளவில்லை. சவப்பெட்டிக்கும் மெழுகுவத்திக்கும் நடுவில் கைகளைத் தொங்கப் போட்டுக்கொண்டு, வாங்கிக்கொள்ளவே வந்தவன்போல நின்றான். அதுதான் அவளுக்கு இன்னும் வெறியைக் கிளப்பியது.

“என் புருஷன் குழிக்குள்ள மூச்சு முட்டிச் செத்துக்கிட்டிருக்கான். நீ தெருமுனையில நின்னு சிகரெட்டு ஊதிக்கிட்டிருந்தியாடா? வாயத் தொறந்து சொல்லுடா!”

“ஆமாக்கா. ஊதிக்கிட்டுத்தான் இருந்தேன்.”

அவ்வளவுதான் சொன்னான். ஒரு சாக்கு, ஒரு சமாதானம், ம்ஹூம். செருப்பு மறுபடி இறங்கியது, இந்த முறை காதோடு சேர்த்து.

சேதியைக் கொண்டுவந்தவள் ஜூஸ் கடைக்காரி. நீல்டாவின் புருஷன் ஆர்தேமியோவும் வில்பெரும் கழிவுத் தொட்டி சுத்தம் செய்யப் போன கோழிக் கடைக்கு எதிர்முனையில் பப்பாளி ஜூஸ் விற்பவள். துக்கம் விசாரிக்க மலைமேல் இத்தனை படி ஏறி வந்து, காப்பியைக் குடித்து, மூக்கைச் சிந்தி, கிளம்புகிற நேரத்தில் போகிறபோக்கில் போட்டுவிட்டுப் போனாள். “பாவம்மா உன் வீட்டுக்காரன். உன் தம்பி எங்கடை பக்கத்துலதான் நின்னு சிகரெட் புடிச்சிட்டிருந்தான். உள்ள இப்பிடி நடக்குதுன்னு அவனுக்குத்தான் என்ன தெரியும்?” துக்க வீட்டுக்குப் பூ கொண்டு வருகிறவர்கள் உண்டு, கொள்ளிக்கட்டை கொண்டு வருகிறவர்களும் உண்டு. கூடத்தில் இருந்த அத்தனை பேர் காதிலும் அது விழுந்தது.

ஆர்தேமியோவின் அண்ணன் பெர்சி மூலையிலிருந்து எழுந்தான். லீமாவின் மொத்தச் சந்தையில் உருளைக்கிழங்கு மூட்டை தூக்குகிறவன். கழுத்தும் தோளும் ஒன்றாகிப்போன உடம்பு. பிணவறையிலிருந்து தம்பியை வாங்கி வந்ததிலிருந்து அவனுக்கு யாரையாவது அடித்தாக வேண்டியிருந்தது. காலையில் கோழிக் கடை முதலாளி, துக்க வீட்டில் சாப்பிடட்டும் என்று, சுட்ட கோழிகளை அட்டைப்பெட்டியில் அடுக்கி அனுப்பியிருந்தான். எந்தச் சமையலறையின் குழியில் ஆள் செத்தானோ அதே சமையலறைக் கோழி. வெட்கங்கெட்டவன். பெர்சி பெட்டிகளை ஒவ்வொன்றாக உதைத்துப் படிக்கட்டில் உருட்டிவிட்டான். மலையில் உள்ள நாய்களுக்கெல்லாம் அன்றைக்குத் திருவிழா. ஆனால் கோழியை உதைத்து எவ்வளவு ஆத்திரம் தீரும்? இப்போது அவனுக்கு ஆள் கிடைத்துவிட்டான்.

“விடு நீல்டா. உன் கை வலிக்கும். இவன நாங்க பாத்துக்கிறோம்” என்றான்.

வில்பெரின் சட்டைக் கழுத்தைப் பிடித்து வாசலுக்கு இழுத்தான். பித்தான்கள் தெறித்தன. பெர்சியின் சித்தப்பன் மகன்கள் இரண்டு பேர் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள். நீல்டா தடுக்கவில்லை. அடித்தே கொல்லட்டும் என்றுதான் நினைத்தாள். கூடப் பிறந்தவன்தான், தாய் போனபின் இவள் இடுப்பில் தூக்கி வளர்த்தவன்தான். இருந்தாலும் அப்படித்தான் நினைத்தாள்.

சவப்பெட்டியின் தலைமாட்டில் மாமியார் சத்துர்னா உட்கார்ந்திருந்தாள். பிணம் வந்ததிலிருந்து அவள் அழவும் இல்லை, பேசவும் இல்லை. மகனை வெளியே போகவிட்டு, மருமகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மறுபடி பெட்டியின் கண்ணாடியைப் பார்க்க ஆரம்பித்தாள்.

கண்ணாடிக்குக் கீழே ஆர்தேமியோவின் முகத்தில் பவுடர் பூசியிருந்தார்கள். பிணவறையில் நீல்டாவே அவனைக் கழுவினாள். சோப்பு போட்டு, சுடுதண்ணீர் ஊற்றி, மறுபடி சோப்பு போட்டுக் கழுவியும், காது மடலுக்குப் பின்னால் கொழுப்பு வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் வழித்து எடுத்தாள். உயிரோடு இருந்த காலத்திலும் அந்த இடத்தைத் தேய்க்க அவனுக்குப் பொறுமை கிடையாது. ‘அத விடுடி, அது என் சென்ட்டு’ என்பான்.

வெளியே பெல்ட் விழும் சத்தம் கேட்டது.

அந்தப் படிக்கட்டு முக்கில் ஒரு விளக்குக் கம்பம் உண்டு. அகப்பட்ட திருடனை இங்கேயே கொளுத்துவோம் என்று எழுதிய துணி அதில் தொங்கும். திருடர்களை அங்கேதான் கட்டுவார்கள். போலீஸ்காரன் மலையேறி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். வில்பெரைத் துணி காய்கிற கயிற்றால் அதில் கட்டி, மேல்சட்டையை உரித்திருந்தார்கள். லீமாவின் தூறல் அவன் முதுகில் விழுந்துகொண்டிருந்தது. அது மழையாகவும் ஆகாது, நிற்கவும் நிற்காது.

“ஒரு வார்த்த அழுவுறானா பாரு” என்றான் சித்தப்பன் மகன். “குத்தம் பண்ணுனவனுக்குத்தான் இவ்ளோ அழுத்தம் இருக்கும்.”

“எறங்கி எடுத்தியாடா என் தம்பிய?” பெர்சி கத்தினான். “தீயணைப்புக்காரன் வந்துதானே எடுத்தான்? நீ மேல நின்னு வேடிக்க பாத்த! ஆம்பளையாடா நீ?”

பெல்ட்டின் கொக்கிப் பக்கம் முதுகில் பதிந்தது. தோல் பிய்ந்தது. வில்பெர் பல்லைக் கடித்துக்கொண்டான்.

பக்கத்து வீட்டு ஹசிந்தா தட்டோடு கூடத்துக்குள் வந்தாள். துக்க வீட்டு வழக்கப்படி தட்டில் சிகரெட்டுகளை விசிறி மாதிரி அடுக்கியிருந்தாள், பக்கத்தில் சோம்புச் சாராயக் கோப்பைகள். வந்தவர்கள் ஆளுக்கொன்று எடுத்துப் பற்றவைத்தார்கள். நீல்டாவிடமும் நீட்டினாள்.

“ஒரு மடக்கு குடி. உடம்பு நடுங்குது பாரு.”

“அவன் இருந்தா மொத ஆளா வந்து ரெண்ட எடுத்து காதுல சொருகியிருப்பான்” என்றாள் நீல்டா.

“இந்த மாசம் எங்க எடுத்திருப்பான்? நீதான் நேர்ச்ச வச்சு அவன் வாயக் கட்டிட்டியே” என்றாள் ஹசிந்தா. குறையாகச் சொல்லவில்லை. பாசமாகத்தான் சொன்னாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த ஆளிடம் போய்விட்டாள்.

நீல்டா பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

செப்டம்பர் கடைசியில் மகள் மைலிக்கு இழுப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் பிள்ளையின் நெஞ்சுக்கூடு உள்ளே போய்ப் போய் வந்தது. நீல்டா கட்டிலடியில் மண்டி போட்டு, அற்புதங்களின் ஆண்டவரிடம் பேரம் பேசினாள். புள்ள மூச்சு திரும்பட்டும் சாமி, உன்னோட ஊதா மாசம் முழுக்க அவ அப்பன் சிகரெட்டத் தொடமாட்டான். பிள்ளைக்கு மூச்சு திரும்பியது. ஆண்டவரின் மாதமான அக்டோபர் பிறந்ததும் நீல்டா நேர்ச்சைக்கான ஊதா அங்கி மாட்டிக்கொண்டாள், புருஷனின் சிகரெட் பெட்டியைக் கக்கூசில் கொட்டினாள்.

“உன் நேர்ச்சைக்கு என் வாயக் கட்டுறியே, ஞாயமாடி? ஆண்டவர் என்னையும் ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?” என்றான் ஆர்தேமியோ. திட்டினான், கதவை உதைத்தான். ஆனால் சொன்னபடி இருந்தான். பையில் கிராம்பு வைத்துக்கொண்டு மென்றுகொண்டே திரிந்தான். முத்தம் கொடுக்க வந்தால் பல் டாக்டர் வீட்டு வாசம் அடித்தது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அவன் வேலையைப் பற்றி நீல்டாவுக்குத் தெரியும். சாப்பிடும்போது அதைத்தானே பேசுவான், வேண்டாம் என்று சொன்னாலும் கேட்கமாட்டான். கடைச் சமையலறையின் கழிவெல்லாம் வந்து இறங்குகிற கொழுப்புத் தொட்டி ஆள் உயரத்துக்கு மேல் ஆழம். கொழுப்பு மேலே மிதந்து பாலேடு மாதிரி கட்டிப் போயிருக்கும், ஆனால் கடப்பாரை போட்டால்தான் உடையும். அந்த ஏட்டுக்கு அடியில் வாயு அடைந்து கிடக்கும். உடைத்ததும் அது கிளம்பும். அழுகின முட்டை நாற்றம் அடிக்கிற வரைக்கும் பயமில்லை, நாற்றம் சட்டென்று நின்றுபோனால்தான் ஓட வேண்டும் என்பான். அப்போது மூக்கு செத்துவிட்டது என்று அர்த்தம், அடுத்தது ஆள். அதனால் ஏட்டை உடைத்ததும் மூடியைத் திறந்து போட்டுவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிடுவார்கள். வாயு பற்றிக்கொள்ளும் என்று தெருமுனைக்கே போய், ஒரு முழு சிகரெட்டை நிதானமாக, கடைசி இழுப்பு வரை பிடிப்பார்கள். அந்தத் தொழிலில் யாரும் கடிகாரம் பார்த்ததில்லை. சிகரெட் தீர்ந்தால் இறங்கலாம்.

நீல்டா வாசலைத் தாண்டி ஓடினாள்.

பெர்சியைக் காணவில்லை. சித்தப்பன் மகன்கள் களைத்துப்போய், தட்டிலிருந்து எடுத்த சிகரெட்டோடு சுவரில் சாய்ந்திருந்தார்கள். அவர்கள் காதில் விழாதபடி அவள் கம்பத்தோடு ஒட்டி நின்றாள்.

“வில்பெர். ஏடு உடைச்சப்பறம் ரெண்டு பேருந்தானே வெளிய வந்தீங்க?”

“வந்தோம்.”

“அவன் உன்கூட முனைக்கு வந்தானா?”

“வந்தான்.”

“பெறகு ஏன் திரும்பிப் போனான்?”

வில்பெர் அவள் ஊதா அங்கியைப் பார்த்தான். உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

“உள்ள போக்கா. நனையுற.”

“கேக்குறேன்ல?”

“கேக்காத. கேட்டா நீ தாங்கமாட்ட.”

“சொல்லுடா நாயே!”

அவன் ரத்தத்தைத் துப்பினான். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னான். “நான் பத்தவச்சேன். மச்சான் பக்கத்துல நின்னு கிராம்பு மென்னுட்டிருந்தான். ‘பொகைய இந்தப் பக்கம் விடாதடா, பாவி’ன்னான். நான் திரும்பி நின்னு ஊதினேன். அதுவும் அவனுக்கு ஆவல. ‘நீ முடிச்சிட்டு வா, இங்க நின்னா உன் வாயிலேருந்து புடுங்கிருவேன், அக்காகிட்ட ஒத வாங்க முடியாது, நான் போயி உறிஞ்சற குழாய எறக்குறேன்’னு சொல்லிச் சிரிச்சிட்டுப் போனான். குழாய்தானே எறக்கறான்னு நெனச்சேன். குழா வாய் அடச்சிருக்கும் போல, கையால எடுத்துவிட எறங்கிட்டான். பாதி சிகரெட்டுதான்க்கா ஆச்சு. பாதிதான்.”

“நீ போயி...”

“போனேன். குப்புறக் கெடந்தான். நானும் எறங்கக் காலத் தொட்டியில வச்சிட்டேன். கொஞ்சங்கூட நாத்தமே இல்ல. நாத்தம் இல்லன்னா எறங்காதன்னு மச்சான்தானே சொல்லிக்குடுத்தான். கொக்கி போட்டு இழுத்தேன், வழுக்கிட்டுப் போச்சு. கத்தினேன்.” அவன் முகம் கோணியது. அடி வாங்கும்போது அழாதவன் இப்போது அழுதான்.

“இத ஏண்டா அவங்ககிட்ட சொல்லல?”

“சொல்லி? அவன் மேல தப்புன்னு ஆவும், இல்ல உன்மேல ஆவும். எனக்கு ரெண்டு எலும்பு போகும், கூடிரும். உனக்கு வீடு போகும், புள்ள போகும். இது அவங்க வீடுக்கா. வாய மூடிட்டுப் போ.”

அவள் கம்பத்தை விட்டு நகரவில்லை. பாவி, நான்தான் கொன்றேன், ஆண்டவரைச் சாட்சி வைத்துக் கொன்றேன் என்று உள்ளே ஒரு குரல் கத்தியது. இன்னொரு குரல், மைலி, மைலி என்றது. அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை. இந்த வீட்டின் மாடியில்தான் அவர்களுக்கு ஓர் அறை இருந்தது.

படியேறி வந்த பெர்சியின் கையில் கடப்பாரை இருந்தது. கீழே நின்ற தம்பியின் தொழில் வண்டியிலிருந்து எடுத்து வந்திருந்தான். ஏடு உடைக்கிற கடப்பாரை. அதன் நுனியில் கொழுப்பு இன்னும் காயாமல் இருந்தது.

“தள்ளு நீல்டா. சிகரெட்டு புடிச்ச கை எது? வலதா? நீட்டிப் புடிங்கடா.”

சித்தப்பன் மகன்கள் வில்பெரின் வலது கையை அவிழ்த்து, கம்பத்தின் சிமென்ட்டில் விரித்துப் பிடித்தார்கள். வில்பெர் அக்காவைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினான். வேண்டாம் என்று.

நீல்டா வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்: வரவில்லையா, அவள் வரவிடவில்லையா என்று அவளுக்கே தெரியாது. கடப்பாரை இறங்கியது. விரல்கள் நசுங்கிய சத்தம், ஈரச் சுள்ளி ஒடிகிற மாதிரி, படிக்கட்டில் கீழ்வரைக்கும் கேட்டது. வில்பெர் போட்ட அலறலில் கோழி தின்றுகொண்டிருந்த நாய்கள் சிதறி ஓடின.

“இப்ப காலு” என்றான் பெர்சி. “இனிமே எந்தக் குழிக்கும் இவன் எறங்கக் கூடாது.”

“நான்தான்!” நீல்டா கத்தினாள். கடப்பாரைக்கும் தம்பியின் முழங்காலுக்கும் நடுவில் விழுந்தாள். “அவன விடுங்க! நான்தான் ஆர்தேமியோவக் கொன்னேன்! என் நேர்ச்சதான் கொன்னுச்சு! ஏடு உடைச்சா ஒரு சிகரெட்டு நிக்கணும், தெரியும்ல அத்தான், உங்களுக்கும் சொல்லியிருப்பான்ல? இவன் வழக்கப்படிதான் நின்னான். அவன் நிக்கல. பொக வாசத்துல நிக்க முடியல அவனுக்கு. அதனால போனான். சிகரெட்டு குடிக்காதன்னு நான்தானே கட்டிப் போட்டேன்! எனக்காகத்தானே போனான்!”

பெர்சிக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. புரிந்ததும் கடப்பாரையைக் கீழே போட்டான். போட்ட கையாலேயே அவளை அறைந்தான். அவள் மண்டை கம்பத்தில் மோதியது. முடியைப் பிடித்துத் தூக்கி மறுபடி அறைந்தான். அவள் தடுக்கவில்லை. தம்பி ஏன் முகத்தை மறைக்காமல் நின்றான் என்று அவளுக்கு அப்போது விளங்கியது. அடி விழும்போது ஓர் ஆறுதல் இருந்தது.

“என் தம்பி மூச்ச வித்தா உன் நேர்ச்சயக் கட்டின? ஏண்டி, உன் மூச்சக் குடுத்திருக்க வேண்டியதுதானே?”

“பெர்சி.”

மாமியார் வாசலில் நின்றிருந்தாள். அத்தனை நேரமும் பேசாதிருந்த தொண்டை கரகரத்தது. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்பது முகத்தில் தெரிந்தது. நீல்டா அவளை நிமிர்ந்து பார்த்தாள். திட்டுவாள், மண் வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தாள். அப்படியாவது ஏதாவது சொல்லட்டும் என்று ஏங்கினாள்.

“சாமியார் கல்லறைல காத்துக்கிட்டிருக்காரு. அவன அவுத்துவிடு. பெட்டிக்கு ஆள் வேணும்” என்றாள் சத்துர்னா. மருமகள் பக்கம் திரும்பாமலே உள்ளே போய்விட்டாள்.

பெர்சி கயிற்றை அவிழ்த்தான். குனிந்து நீல்டாவின் காதருகில் சொன்னான். “அடக்கம் முடிஞ்சு இந்தப் படி ஏறி வராத. வந்தா ஒன்னையும் அவன்கூடப் பொதச்சிருவேன்.”

பிள்ளையைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்குக் கேட்கத் தைரியம் வரவில்லை.

பெட்டியைத் தூக்கினார்கள். செங்குத்தான படிகளில் இறங்கும்போது பாரமெல்லாம் முன்னால் போகிறவன் மேல்தான் விழும். அதனால் முன்பக்கம் பெர்சியும் மூத்த சித்தப்பன் மகனும். பின்பக்கம் ஒரு மூலையில் சின்னவன், மற்ற மூலையில் வில்பெர். அவன் நசுங்கிய கையைச் சட்டையில் சுருட்டி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, இடது தோளைக் கொடுத்தான். சிலர் இதெல்லாம் என்ன கூத்து என்று முணுமுணுத்தார்கள். ஆனால் அந்த மலையில் செத்தவனை மச்சான் தூக்காமல் அனுப்பும் வழக்கம் இல்லை. கல்லறைக்கு வண்டி நிற்கும் இடம் வெகு கீழே. மாமியார் முன்னால் சிலுவையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பெண்கள் பின்னால் செபமாலை சொல்லிக்கொண்டு வந்தார்கள். நீல்டா நெருங்கினால் அவர்கள் நகர்ந்துகொண்டார்கள். ஹசிந்தாகூட நகர்ந்தாள்.

பாதி மலையில் வில்பெரின் கால் மடங்கியது. முதுகு கிழிந்தவன், எவ்வளவு தாங்குவான்? பெட்டியின் மூலை சரிந்தது. பெண்கள் அலறினார்கள். பெட்டிக்குள் ஆர்தேமியோ ஒருபக்கமாக உருண்டு மோதும் சத்தம் கேட்டது.

நீல்டா பாய்ந்து தோளைக் கொடுத்தாள். பாரம் கழுத்து நரம்பில் இறங்கியது. அவன் இத்தனை கனம் என்று அவளுக்கு இதுவரை தெரியாது.

“யாரு பின்னாடி?” பெர்சி முன்னாலிருந்து கத்தினான். அவன் கழுத்தைத் திருப்ப முடியாது. திருப்பினால் பெட்டி அவன் தலை மேல் வரும்.

சின்னவன் தன் மூலையைத் தோளில் ஏற்றிப் போட்டுக்கொண்டான்.

“யாருன்னு கேக்குறேன்ல? அவளா? கைய எடுக்கச் சொல்லு அவள!”

“எடுக்கமாட்டேன்” என்றாள் நீல்டா.

“எடுடீ!”

“எடுத்தா உங்க தல மேலதான் விழுவான் அத்தான். எடுக்கமாட்டேன்.”

பெர்சியின் தோள்கள் குலுங்கின. கோபமா அழுகையா என்று பின்னாலிருந்து தெரியவில்லை. கீழே இறக்கி வைக்க இடமில்லாத இடம் அது, ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் வீடுகளின் தகரக் கூரைகள். அவன் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான், இன்னொன்று சொன்னான். பிறகு வலது காலை எடுத்து அடுத்த படியில் வைத்தான். பெட்டி நகர்ந்தது. நீல்டா உதட்டில் வழிந்த ரத்தத்தை நக்கிக்கொண்டு, அவன் கால் வைக்கிற நேரத்துக்குத் தானும் கால் வைத்தாள்.

ஒவ்வொரு படியாக இறங்கினார்கள். செபமாலை மட்டும் மேலிருந்து தேய்ந்து கேட்டது. பள்ளிக்கூடத்து மதில் தாண்டும் இடத்தில் பெர்சி நின்றான். எல்லோரும் நின்றார்கள்.

“இங்க ஒரு படி ஒடஞ்சு கெடக்கு” என்றான் அவன், திரும்பாமல். “பாத்து வையி.”